பதவி நிரந்தரம், ஆள் தற்காலிகம்

[சென்ற மாதம் செகந்திராபாத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. இவர் ஐதராபாத் நகரின் அரசுத் தொடக்கப் பள்ளியொன்றில் ஐந்து கல்வியாண்டுகள் 'வித்யா வாலண்டியர்' ஆகப் பணியாற்றியவர். அவர் விருப்பப்படி அவர் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிடவில்லை. – ஆசிரியர் குழு]



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் அண்ணன், "ஆசிரியர் பணியின் பெருமை பற்றிப் பேசுங்கள் அம்மா" என்றார். அண்ணன் மன்னிக்க வேண்டும். பெருமை பற்றிப் பேச ஆண்டுக்கொரு நாள், செப்டம்பர் 5ஆம் தேதி, ஒதுக்கப்பட்டிருக்கிறது. அன்று மாலை போடுகிறவர்கள் அதைப் பேசிக்கொள்ளட்டும். நான் சம்பளம் பற்றியும், அந்தச் சம்பளத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும் நம் பிள்ளைகளின் படிப்பு பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

என் தந்தையார் அரக்கோணம் பக்கத்திலிருந்து லாலாகூடா ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தெருவில் உருது. மூன்றும் எனக்குத் தாய்வீடுதான். ஆசிரியர் பயிற்சி இரண்டாண்டு முடித்தேன். தகுதித் தேர்விலும் தேறினேன். ஆனால் நிரந்தர வேலைக்கான டி.எஸ்.சி. தேர்வு வருமா, வராதா என்று காத்திருந்த காலத்தில், 2015ஆம் ஆண்டு, வித்யா வாலண்டியர் வேலைக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது. மாதம் எட்டாயிரம் ரூபாய். பிறகு அது பன்னிரண்டாயிரம் ஆயிற்று.

அந்தப் பள்ளியின் நிலையைச் சொல்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். பிள்ளைகள் நூற்றுக்குச் சற்று மேல். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்க வகுப்புகளில் 91 முதல் 120 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு நான்கு ஆசிரியர்கள் வேண்டும். இருந்தவர்கள் இருவர். ஒருவர் தலைமையாசிரியர், அவருக்குப் பதிவேடுகளும் சத்துணவுக் கணக்கும் மேலிடத்துக் கூட்டங்களும். இன்னொருவரை அவ்வப்போது வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது ஆள் நான். நான்காவது ஆள் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தார். சில நாட்களில் ஐந்து வகுப்பையும் ஒரே தாழ்வாரத்தில் உட்கார வைத்து, கரும்பலகையை ஐந்தாகக் கோடு போட்டுப் பிரித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் அவர்கள் இருவர் பெயரும் ஒரு பக்கம். என் பெயர் தனித் தாளில். பிள்ளைகளுக்கு அந்தத் தாள் தெரியாது. அவர்களுக்கு நான் டீச்சர். ஆனால் தாய்மாருக்குத் தெரியும். "மீரு பர்மனென்ட்டா மேடம்?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், "அடுத்த வருஷம் இருப்பீர்களா?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு ஐந்து ஆண்டும் என்னிடம் பதில் இருந்ததில்லை.

தோழர்களே, 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியை பேறுகால விடுப்பில் போகிறார். ஆறு மாதத்துக்கு வேறொருவர் வருகிறார். அது தற்காலிகம். அதில் யாருக்கும் குறை இல்லை. நான் நின்ற இடத்தில் யாரும் விடுப்பில் போகவில்லை. அங்கே நியமிக்கப்பட வேண்டியவர் நியமிக்கப்படவே இல்லை. வேலை ஆண்டு முழுவதும் இருந்தது, அடுத்த ஆண்டும் இருந்தது, அதற்கடுத்த ஆண்டும் இருந்தது. பதவி நிரந்தரமானது. அதில் உட்கார்த்தி வைக்கும் ஆளை மட்டும் தற்காலிகம் ஆக்கிக்கொண்டார்கள்.

இது புதிய தந்திரமும் அல்ல. எங்கள் பள்ளியில் ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் சிறிது காலம் பணியாற்றினார். ஒருநாள் என் சம்பளம் வராத கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நான் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு அம்மா" என்றார். 1980களின் முற்பாதியில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 'ஸ்பெஷல் டீச்சர்' என்ற பெயரில் ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் மொத்தமாக ரூ. 398. பஞ்சப்படி இல்லை, ஊதிய உயர்வு இல்லை. பின்னால் அவர்கள் முறையான ஊதிய விகிதத்துக்கு வந்தார்கள். ஆனால் அந்த 398 ரூபாய் ஆண்டுகளை ஊதிய உயர்வுக்குக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பல்லாண்டு மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள். "எங்கள் காலத்தில் 398, உன் காலத்தில் எட்டாயிரம். தொகைதான் மாறியிருக்கிறது" என்றார் அந்த அம்மா.

1990களில் இந்தத் தந்திரத்துக்கு நாடு முழுவதும் புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன. ராஜஸ்தானில் 1987லேயே 'சிக்ஷா கர்மி' என்று தொடங்கியது. குஜராத்தில் 'வித்யா சஹாயக்', உத்தரப் பிரதேசத்தில் 'சிக்ஷா மித்ர', ஆந்திரத்தில் 'வித்யா வாலண்டியர்'. கர்மி என்றால் ஊழியர், சஹாயக் என்றால் உதவியாளர், மித்ர என்றால் நண்பர், வாலண்டியர் என்றால் தொண்டர். கவனியுங்கள், இந்தப் பெயர்களில் எதிலும் 'ஆசிரியர்' என்ற சொல் இல்லை. ஆசிரியர் என்று எழுதினால் ஆசிரியர் சம்பளம் கேட்பார்கள் அல்லவா? தொண்டருக்குச் சம்பளம் எதற்கு? அதனால் எங்களுக்குக் கொடுத்ததைத் தெலுங்கில் 'கௌரவ வேதனம்' என்றார்கள். கௌரவம் கொடுத்தவருக்கு, வேதனை வாங்கியவருக்கு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தப்படி தெலங்கானாவில் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 21,230. அதன்மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி. எனக்குப் பன்னிரண்டாயிரம். அதுவும் பள்ளி நடக்கும் மாதங்களுக்கு மட்டும். ஆண்டுக்குப் பத்து மாதம் முழுதாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சத்து இருபதாயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரமும் மாதா மாதம் வந்ததா? தீபாவளிக்கு வர வேண்டியது பொங்கலுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கத் தாலிக்கொடியை அடகு வைத்த ஆசிரியையை எனக்குத் தெரியும். அவரும் அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வந்து 'திருடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது' என்றுதான் பாடம் நடத்தினார்.

இதுவரை சொன்னது என் கஷ்டம். இனிச் சொல்லப்போவது பிள்ளைகளுடையது. இதற்காகத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரு ஆண்டு இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் சேர்ந்தான். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்துப் பையனிடம் மெதுவாக "தண்ணி" என்றான். நான் குனிந்து, "என்னடா கண்ணு, தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அதன்பிறகு அவனுக்கு ஒவ்வொரு தெலுங்கு எழுத்தையும் தமிழில் கதை சொல்லிக் கற்றுக்கொடுத்தேன். பிப்ரவரியில் ஒரு மாலை, பள்ளிக்கு வெளியே போன பஸ்ஸின் பலகையைப் பார்த்து "உப்பல்" என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். அன்றைக்கு எனக்குச் சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது நினைவுக்கே வரவில்லை.

ஏப்ரல் 23 அன்று பள்ளி மூடியது. அன்றோடு என் பணியும் முடிந்தது. ஜூன் 12 அன்று பள்ளி திறந்தது. என்னை மறுபடி அமர்த்தும் உத்தரவு ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் வந்தது. போய்ப் பார்த்தால் அவன் இல்லை. பள்ளி திறந்தபோது சில நாள் வந்தானாம், பிறகு வரவில்லையாம். பெற்றோர் மேட்சல் பக்கம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினேன், கிடைக்கவில்லை. நான் இருந்திருந்தால் அவன் படிப்பைத் தொடர்ந்திருப்பான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வேலை போகிற இடத்துக்குத்தானே குடும்பம் போகும்? ஆனால் ஜூன் 12 அன்று வாசலில் நின்று, "வாடா கண்ணு" என்று அவன் மொழியில் கூப்பிட அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. புது இடத்தில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அவன் தாய்க்குச் சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு மாதத்துக்கும் மேலான சம்பளத்தை மிச்சம் பிடித்தார்கள். மிச்சம் பிடித்த தொகை எந்தக் கணக்கில் வரவு என்று எனக்குத் தெரியாது. பற்று எழுதப்பட்டது அவன் கணக்கில்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதோடு எங்கள் வேலையும் போயிற்று. மாநிலம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வித்யா வாலண்டியர்கள் இருந்தார்கள். அடுத்த கல்வியாண்டில் புதுப்பிக்கவில்லை. 2021 செப்டம்பரில் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியபோதும் எங்களைத் திரும்ப அழைக்கவில்லை. 2021இல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாயும் இருபத்தைந்து கிலோ அரிசியும் தருவதாக அரசு அறிவித்தது. நல்லது, அவர்களும் பட்டினி கிடந்தவர்கள்தான். ஆனால் நாங்கள் தனியாரிலும் சேர்த்தி இல்லை, அரசிலும் சேர்த்தி இல்லை. நான் மெட்டுகூடாவில் ஒரு தையற்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுத்துப் பிழைத்தேன்.

இனி, என்னிடம் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

ஒன்று: "குறைந்த சம்பளக்காரர்களே நன்றாகத்தானே பாடம் நடத்துகிறார்கள்?" இதற்கு ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டுவார்கள். பொருளியலறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் பழைய ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புறத்தில் செய்த ஆய்வு அது. நூறு பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்து, இரண்டாண்டு கழித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் முன்பைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள். நிரந்தர ஆசிரியரின் ஐந்தில் ஒரு பங்கு ஊதியம் வாங்கியவர்கள் அவர்களுக்குக் குறையாத பலன் தந்தார்கள் என்றது ஆய்வு. எனக்கு இதில் மாறுபாடு இல்லை. நன்றாகத்தான் பாடம் நடத்துகிறோம். ஒருவன் ஒரு மூட்டையைச் சுமந்து காட்டினால் முழுக்கூலி கொடுக்க வேண்டுமா, 'கால் கூலிக்கே சுமக்கிறானே' என்று வியக்க வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. அந்தப் பள்ளிகளுக்குக் கிடைத்தது கூடுதல் ஆசிரியர். எங்களை அமர்த்தியதோ காலியிடத்தை மறைக்க.

இரண்டு: "தேர்வு எழுதிக் காத்திருக்கும் இளைஞர்கள் என்ன ஆவது? பின்வாசலால் வந்தவர்களை நிரந்தரமாக்கினால் அது நியாயமா?" இது நேர்மையான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில், முறையான தேர்வின்றி எடுக்கப்பட்டவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்ஷா மித்ரர்களை ஆசிரியர்களாக ஏற்ற நடவடிக்கை 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமற் போயிற்று. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். முன்வாசலை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தது யார்? தெலங்கானா 2014இல் உருவாயிற்று. 2017 அக்டோபரில் 8,792 இடங்களுக்கு அறிவிப்பு. அடுத்து நடந்த டி.எஸ்.சி.க்கு அறிவிப்பு 2024 பிப்ரவரியில், 11,062 இடங்களுக்கு. அவர்களுக்குப் பணி ஆணை 2024 அக்டோபரில். ஆண்டுதோறும் தேர்வு நடந்திருந்தால் நான் ஏன் பக்கவாட்டுச் சந்தில் நிற்கிறேன்?

2024 தேர்வை நானும் எழுதினேன். கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்கள் வந்ததால் எத்தனையோ வகுப்பறைகளில் ஆள் நிற்கிறது. ஆனால் எழுத்துத் தேர்வுக்கு 80, தகுதித் தேர்வுக்கு 20 என்று நூறு மதிப்பெண்ணும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டு வகுப்பறையில் நின்றதற்கு அந்த நூறில் இடம் இல்லை.

நிரந்தரம் வேறு, சம ஊதியம் வேறு என்பதையும் தோழர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 26 அன்று பஞ்சாப் அரசு – ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் தொடக்க ஊதியமாவது தர வேண்டும் என்றது. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு துப்புரவு முதலிய பணிகள் செய்தவர்களின் வழக்கில், உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நெடுநாள் ஊழியரைச் சுரண்டக் கூடாது என்று சொல்லி, அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. கடல் கடந்த ஓர் உதாரணமும் சொல்கிறேன். இங்கிலாந்தில் எங்களைப் போன்றவர்களை 'சப்ளை டீச்சர்' என்பார்கள். பெரும்பாலும் ஏஜென்சிகள் வழியாக வேலைக்குப் போகிறார்கள். அங்கே 2011 அக்டோபர் முதல் ஒரு விதி: ஏஜென்சி வழியே வந்தவர் ஒரே இடத்தில் ஒரே வேலையில் பன்னிரண்டு வாரம் முடித்தால், நேரடியாக நியமிக்கப்பட்டவருக்குரிய அடிப்படை ஊதியம் அவருக்கும் உண்டு. அங்கேயும் தொல்லைகள் உண்டு. ஆனால் பன்னிரண்டு வாரம் என்று ஒரு கோடாவது இருக்கிறது. நான் ஐந்து ஆண்டு நின்றேன். எனக்கு எந்தக் கோடும் வரவில்லை.

மூன்று: "நம்ம தமிழ்நாட்டில் இப்படியெல்லாம் இல்லை." நம்மவர்கள் பெருமையோடு சொல்வது. வருந்துகிறேன், இருக்கிறது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ஐயாயிரம் ரூபாயில் எடுக்கப்பட்டார்கள். 2022இல் காலியிடங்களை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் என்று வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு ரூ. 7,500. அதே தமிழ்நாட்டில் நல்ல உதாரணமும் உண்டு: தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். போராட்டமும் அரசின் மனமும் சேர்ந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

நான்கு: "நாம் பிழைக்க வந்தவர்கள், இந்த ஊர் அரசியலில் நமக்கென்ன?" இதைச் சொல்பவர்களுக்கு என் பதில் அந்தச் சிறுவன்தான். வசதியுள்ள தமிழர் வீட்டுப் பிள்ளை கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்குப் போகிறது. கொத்து வேலை, இட்லி வண்டி, வீட்டு வேலை செய்யும் தமிழர் பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகிறது. அங்கே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பாலமூரிலிருந்து வந்த கூலிக்காரரின் பிள்ளை, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளை. அந்த வகுப்பறையில் எல்லோரும் வந்தேறிகள்தான். அங்கே ஆசிரியர் இல்லையென்றால் முதலில் உதிர்வது, மொழி தெரியாமல் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளை.

ஆகவே இந்தச் சங்கத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன். இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. ஆசிரியர் தேர்வு ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நடத்தப்பட வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு காலியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அது ஒவ்வொரு பள்ளியிலும் நடப்புக்கு வர வேண்டும்.

2. காலியிடத்தில் தற்காலிகமாக யாரை அமர்த்தினாலும், அந்தப் பதவியின் தொடக்க ஊதியம் தரப்பட வேண்டும்.

3. பணி உத்தரவு பள்ளி திறக்கும் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஊதியம், பேறுகால விடுப்பு ஆகியவை வேண்டும்.

4. பணியாற்றிய ஆண்டுகளுக்குச் சான்றிதழும், தேர்வில் அதற்கு உரிய மதிப்பெண்ணும், வயது வரம்பில் தளர்வும் வேண்டும்.

5. தொண்டர், நண்பர், உதவியாளர் என்ற பெயர்களை ஒழித்து, ஆசிரியர் என்று எழுத வேண்டும்.

இது அரசிடம் கேட்பது. உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அந்தக் கூட்டங்களுக்குப் போங்கள். தெலுங்கு சரியாக வராது என்று கூச்சப்படாதீர்கள். எழுதிக் கொடுக்க நான் வருகிறேன். போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பள்ளிக்குச் சட்டப்படி எத்தனை ஆசிரியர், இன்று இருப்பவர் எத்தனை?" பதிலைக் குழுவின் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். சங்கம் அந்த எண்களைச் சேர்த்து இந்தப் பத்திரிகையில் வெளியிடட்டும். வாய்ப்பேச்சை மறந்துவிடலாம், பதிவேட்டில் ஏறியதை மறைப்பது கடினம்.

இன்று நான் என் வீட்டு முன்னறையில் மாலையில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அதில் நான்கு பேர் தமிழ்ப் பிள்ளைகள். சென்ற வாரம் அவர்களில் ஒருத்தி கேட்டாள், "டீச்சர், நீங்க ஏன் எங்க ஸ்கூலுக்கு வரக் கூடாது?" எனக்கு அதற்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன்.